லாரி ஓட்டுநரும் வாகனச் சோதனையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

சரக்கு லாரி சாலையில் ஓடத் தகுதியான நிலையில் உள்ளதா என்று பார்ப்பதே வாகனச் சோதனை. இந்தியாவில் இது இரண்டு வகையாக நடக்கிறது. முதல் வகைச் சோதனையை மோட்டார் வாகன ஆய்வாளர் செய்கிறார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு வண்டியைக் கொண்டுபோய்த் தகுதிச் சான்று பெறும் இந்தச் சோதனையை ஓட்டுநர்கள் ‘எஃப்.சி. காட்டுவது’ என்பார்கள். இரண்டாவது வகை, ஒவ்வொரு முறையும் வண்டியை எடுக்கும் முன் ஓட்டுநர் தாமே சுற்றிவந்து பார்ப்பது. முதலாவதற்குச் சட்டப்பிரிவும் படிவமும் கட்டணமும் முத்திரையும் உண்டு. இரண்டாவதற்கு ஓட்டுநரின் கண்ணும் காதும், கையில் ஒரு இரும்புக் கம்பியும்தான் உண்டு.

தகுதிச் சான்று பெற்ற மறுநாளே பிரேக் பழுதாகலாம். அடுத்த சோதனைவரை அந்த வண்டிக்கு ஓட்டுநரைத் தவிர வேறு ஆய்வாளர் இல்லை. இந்தப் பொறுப்பு அவர்மேல் எவ்வாறு வந்தது, அதற்கேற்ற அறிவும் ஓய்வும் அதிகாரமும் அவருக்குக் கிடைத்தனவா என்பதை இக்கட்டுரை கால வரிசையில் விளக்குகிறது.

தொடக்கக் காலச் சட்டங்கள்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1914ஆம் ஆண்டு இந்திய மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டது. வண்டியைப் பதிவு செய்தல், ஓட்டுநருக்கு உரிமம் வழங்குதல் ஆகிய இரண்டுமே அதன் முதன்மை நோக்கங்கள். அக்காலத்தில் மோட்டார் வண்டிகள் குறைவு. சரக்குகள் பெரும்பாலும் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் சென்றன.

வாடகைக்கு ஓடும் பேருந்துகளும் லாரிகளும் பெருகிய பிறகு, 1939ஆம் ஆண்டு விரிவான மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. போக்குவரத்து வாகனங்களுக்கு அனுமதிச்சீட்டு முறையை ஏற்படுத்தியது இச்சட்டமே. இதன் 38ஆம் பிரிவு தகுதிச் சான்றைப் பற்றியது. தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம், பதிவு பெற்றிருந்தாலும் முறையாகப் பதிவான வாகனமாகக் கருதப்படாது என்று அது கூறியது. 65ஆம் பிரிவு ஓட்டுநரின் வேலை நேரத்திற்கு வரம்பு விதித்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு குறைந்தது அரை மணி நேர ஓய்வு தரவேண்டும் என்பது அதில் ஒன்று.

ஆக, வண்டியின் நிலையையும் ஓட்டுநரின் களைப்பையும் பாதுகாப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் 1939லேயே சட்டத்தில் இருந்தது. ஆனால் இரண்டையும் கண்காணிக்கும் ஏற்பாடு ஒரே அளவில் வளரவில்லை. சான்றுக்காக வண்டி அலுவலகத்திற்கு வந்தே ஆகவேண்டும். ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று பார்க்க ஓர் அலுவலகம் இல்லை.

கிளீனர் என்னும் படிப்பு

விடுதலைக்குப் பின் லாரி உற்பத்தி உள்நாட்டிலேயே வளர்ந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் தொழிற்சாலை சென்னையை அடுத்த எண்ணூரில் அமைந்தது. டாடா நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்கள் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றன. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளால் நாமக்கல் நாடெங்கும் அறியப்பட்டது.

இத்தனை லாரிகளுக்கும் ஓட்டுநர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலோர் பயிற்சிப் பள்ளியிலிருந்து வரவில்லை. கிளீனராக லாரியில் ஏறி, சில ஆண்டுகள் ஓட்டுநரின் பக்கத்தில் அமர்ந்து தொழில் கற்றவர்கள் அவர்கள். டயரைத் தட்டிப் பார்ப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஆயில் அளவு பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, பின்னால் நின்று விசில் ஊதி வண்டியைத் திருப்ப உதவுவது ஆகியவை கிளீனரின் அன்றாட வேலைகள். வாகனச் சோதனை என்ற பெயர் தெரியாமலேயே அவர் அதைக் கற்றுக்கொண்டார்.

இந்தக் குரு-சீடன் முறையில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. நல்ல ஓட்டுநரிடம் பழகியவர் நல்ல பழக்கங்களைப் பெற்றார். தவறான பழக்கம் உள்ளவரிடம் பழகியவர் அதையே தொழில் நுணுக்கம் என்று நம்பினார். இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டு டீசலை மிச்சப்படுத்துவது அப்படிக் கைமாறி வந்த ஒரு பழக்கம். அதன் விளைவைப் பின்னர் காண்போம்.

வேலை நேரமும் 1961ஆம் ஆண்டுச் சட்டமும்

1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று அது வேலை நேரத்தை வரையறுத்தது. நீண்ட தூர வழித்தடங்களில் உரிய அனுமதியுடன் நேரத்தைக் கூட்ட முடிந்தது. அப்போதும் நாளுக்கு 10 மணி நேரத்தையும் வாரத்திற்கு 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்று இருந்தது.

இச்சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே நேரடியாகப் பொருந்தியது. ஆனால் இந்தியாவில் லாரித் தொழில் பெரிதும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களின் கையில் உள்ளது. பல இடங்களில் உரிமையாளரே ஓட்டுநர். இந்த இடைவெளியை நிரப்ப, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, போக்குவரத்து வாகனத்தை இயக்கும் எவருக்கும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலை நேரமே பொருந்தும் என்றது. சட்டத்தின் எழுத்து எல்லா ஓட்டுநரையும் எட்டிவிட்டது. ஆனால் நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் தொழிலில், எத்தனை நடை போகிறோம் என்பதே வருமானம். அங்கே ஓய்வு என்பது ஓட்டுநர் தம் பையிலிருந்து கொடுக்கும் செலவாகிவிடுகிறது.

1989ஆம் ஆண்டு விதிகள் தேசிய அனுமதிச்சீட்டு பெற்ற லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்றும், மாற்று ஓட்டுநர் படுத்துறங்க இடம் இருக்க வேண்டும் என்றும் கூறின. இரண்டு ஓட்டுநர் கட்டாயம் 2018இல் நீக்கப்பட்டது. வேலை நேர வரம்பு மட்டும் தொடர்கிறது.

1988ஆம் ஆண்டுச் சட்டமும் 1989ஆம் ஆண்டு விதிகளும்

இன்று நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் இயற்றப்பட்டு, 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளும் அதனுடன் வந்தன. போக்குவரத்து வாகனம் ஓட்டக் குறைந்த வயது 20. இலகு ரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருந்தால்தான் போக்குவரத்து வாகனத்திற்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும்.

பயிற்சிப் பள்ளிகளுக்கான பாடத்திட்டத்தை 31ஆம் விதி தருகிறது. அதைப் படிப்பவர்களுக்கு வியப்பு ஏற்படும். இருக்கையில் அமரும் முன் பார்க்க வேண்டியவை, அமர்ந்த பின் பார்க்க வேண்டியவை, வாகன இயக்கமும் பழுதும், அன்றாடப் பராமரிப்பு, டயர் பராமரிப்பு, பிரேக் சரிசெய்தல், தீ அபாயம், முதலுதவி என எல்லாம் அதில் உள்ளன. பாடத்திட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் தொழிலை வண்டியிலேயே கற்றுக்கொண்டு, உரிமத்திற்காக மட்டும் தேர்வுக்கு வந்தவருக்கு அந்தப் பாடம் முழுமையாகப் போய்ச் சேரவில்லை.

தகுதிச் சான்று முறை 56ஆம் பிரிவில் தொடர்ந்தது. புதிய வண்டிக்கு முதல் சான்று இரண்டு ஆண்டுகளுக்கு. அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை. 2018இல் இது மாற்றப்பட்டது. எட்டு ஆண்டுகள்வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பித்தால் போதும்.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக முக்கியமான பிரிவு 190. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய குறையுடன் வண்டியை ஓட்டுபவர், அந்தக் குறை தெரிந்திருந்தாலும், இயல்பான கவனத்துடன் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் தண்டனைக்குரியவர் என்று அது கூறுகிறது. ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் போதாது. நீ பார்த்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். புறப்படும் முன் வண்டியைச் சுற்றிப் பார்ப்பது இவ்வகையில் ஓட்டுநரின் சட்டக் கடமையே ஆகிறது. அதே பிரிவு, அவ்வண்டியை ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. அதாவது உரிமையாளரும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது.

புறப்படும் முன் பார்க்க வேண்டியவை

நம் ஊரில் ஆயுதபூஜை அன்று லாரிக்கு மாலையிட்டு, கற்பூரம் காட்டி, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுப்பார்கள். அன்று வண்டியை வலம் வந்து ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குனிவது போல, நாள்தோறும் ஒருமுறை வலம் வந்து குனிந்து பார்ப்பதே பாதுகாப்புச் சோதனை. பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

டயர்: பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. பக்கவாட்டில் வெடிப்பு, வீக்கம் இருக்கக் கூடாது. பின்பக்கத்து இரட்டை டயர்களில் உள் டயர் காற்று இறங்கினால் வெளியே தெரியாது. வெளி டயரே முழுச் சுமையையும் தாங்கிச் சூடேறி வெடிக்கும். கம்பியால் தட்டிப் பார்ப்பது இதற்காகவே. காற்று நிறைந்த டயர் கம்பியைத் துள்ளவிடும். காற்று இறங்கிய டயரில் ஓசை மந்தமாக இருக்கும். இரண்டு டயர்களுக்கு இடையே கல் சிக்கியிருந்தால் எடுத்துவிட வேண்டும். ஓட்டத்தில் அது தெறித்துப் பின்னால் வருபவரைத் தாக்கும்.

சக்கர நட்டு: நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

பட்டைகளும் ஸ்டியரிங்கும்: பட்டைகளில் ஒன்று ஒடிந்தாலும் வண்டி ஒருபக்கம் சாயும். ஸ்டியரிங் வழக்கத்தைவிட அதிகம் ஆடினால் அதன் இணைப்புகளைப் பார்க்க வேண்டும்.

விளக்குகள்: பின் விளக்கும், ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டைகளும் சேறில்லாமல் இருக்க வேண்டும். இரவில் ஓரமாக நிற்கும் லாரியின் பின்னால் மோதி உயிரிழப்போர் பலர். அங்கே விளக்கைத் துடைக்கும் ஒரு துணி உயிர் காக்கும் கருவி.

சரக்கு: கட்டு இறுகியிருக்கிறதா, எடை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு, சிறிது தூரம் சென்றபின் நிறுத்தி மீண்டும் பார்க்க வேண்டும். குலுங்கலில் கயிறு தளரும்.

பிரேக்: இது தனியாக விளக்கத் தக்கது.

காற்றழுத்த பிரேக்கும் மலை இறக்கமும்

காற்றழுத்த பிரேக் முதலில் ரயிலுக்காகவே உருவானது. அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் காற்றழுத்தம் குறைந்தால் பிரேக் தானாகவே பிடிக்கும்படி அதை மேம்படுத்தினார். இன்றைய கனரக லாரியின் பார்க்கிங் பிரேக்கிலும் அந்தக் கருத்தே உள்ளது. வலிய ஸ்பிரிங் ஒன்று பிரேக்கைப் பிடிக்கப் பார்க்கும்; காற்று அதைத் தள்ளி வைத்திருக்கும். ஆகவே அழுத்தமானி உரிய அளவைக் காட்டும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி அழுத்தமானியைப் பார்த்தால் கசிவு தெரியும். முள் தொடர்ந்து இறங்கினாலோ ‘உஸ்’ என்ற ஓசை கேட்டாலோ வண்டியை எடுக்கக் கூடாது. காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரையும் அவ்வப்போது வெளியேற்ற வேண்டும்.

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. 16 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது என்று கொள்வோம். அது இழக்கும் நிலை ஆற்றல், 30 பாகை வெப்பமுள்ள சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். எஞ்சின் உதவாவிட்டால் அத்தனை வெப்பமும் பிரேக் டிரம்களில்தான் இறங்கும். சூடேறிய டிரம் விரியும். லைனிங்கின் பிடிப்புக் குறையும். ஓட்டுநர் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி நிற்காது. அளவுக்கு மீறிய பாரம் ஏற்றினால் வெப்பமும் அதே விகிதத்தில் கூடும்.

சேலம்–தர்மபுரி நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர் கணவாய் இதற்குத் தமிழ்நாட்டுச் சான்று. சேலம் நோக்கி இறங்கும் பகுதியில் கட்டுப்பாட்டை இழந்த லாரிகளால் நேர்ந்த விபத்துகள் பல. நியூட்ரலில் இறங்கினால் எஞ்சினின் தடுப்பு ஆற்றல் முழுவதும் போய்விடுகிறது. எஞ்சினையே அணைத்துவிட்டால் காற்றை நிரப்பும் கம்பிரசரும் நின்றுவிடும். பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. இத்தனைக்கும் மிச்சமாகும் டீசல் ஒன்றுமில்லை. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் செல்வது தானாக நின்றுவிடும். ஏறுவதற்கு எந்த கியர் தேவையோ, இறங்குவதற்கும் அந்த கியர் என்பதே விதி. அந்த கியரையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆபத்தான சரக்கு காட்டிய வழி

எரிவாயு, பெட்ரோல், அமிலம் போன்றவற்றை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களுக்கு 1989ஆம் ஆண்டு விதிகளின் 9ஆம் விதி தனிப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மூன்று நாள் பயிற்சி பெறவேண்டும்; இந்திய மொழி ஒன்றும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஒருநாள் மறுபயிற்சியும் உண்டு. நாமக்கல் வட்டாரத்து எரிவாயு டேங்கர் ஓட்டுநர்கள் இதை நன்கு அறிவர். ஓட்டுநரின் அறிவைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதையும், அது நடைமுறையில் இயலும் என்பதையும் இவ்விதி காட்டியது. ஆனால் இரும்பும் நெல்லும் ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநருக்கு இத்தகைய கட்டாயம் வரவில்லை. தொப்பூர் இறக்கத்தில் இரண்டு லாரிகளின் பிரேக்கும் ஒரேபோலத்தான் சூடேறும்.

அண்மைக்கால மாற்றங்கள்

சாலை விபத்துகளைக் குறைக்க வேண்டி, கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2014 ஏப்ரலில் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. மாநிலங்களின் செயல்பாட்டைக் கண்காணிக்கும் ஏற்பாடு அதன்மூலம் உருவானது.

2019இல் மோட்டார் வாகனச் சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அதிகப் பாரத்திற்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்றானது. கண்ணால் பார்த்துச் சான்று தருவதற்குப் பதிலாக, கருவிகளால் அளந்து சொல்லும் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு வழி வகுக்கப்பட்டது. அதே ஆண்டு, போக்குவரத்து வாகன உரிமத்திற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. பள்ளிப் படிப்பு இல்லாதவரும் திறமையான ஓட்டுநராக இருக்க முடியும் என்பதும், பயிற்சியும் தேர்வும்தான் முக்கியம் என்பதும் அரசு கூறிய காரணங்கள். காரணம் சரியானதே. ஆனால் வகுப்புச் சான்றை நீக்கிய இடத்தில் பயிற்சியை உறுதியாக வைத்தால்தான் அது நிறைவு பெறும்.

2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் மொத்த எடை 7,500 கிலோவிற்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. புதிதாகத் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி 2025இல் கட்டாயமானது. ஓட்டுநரின் உடல்நிலையும் வண்டியின் பாதுகாப்பில் ஒரு பகுதி என்பதை இது ஏற்றுக்கொண்டது.

2022இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது.

ஓர் ஒப்பீடு

சோதனையை ஓட்டுநரின் கையில் முறையாக ஒப்படைத்த நாடுகளில் அமெரிக்கா ஒன்று. அங்கே பல மாநிலங்களில் கார் உரிமத்துடனேயே பெரிய லாரியை ஓட்ட முடிந்தது. ஒருவரே பல மாநிலங்களில் உரிமம் பெற்று, ஒரு மாநிலத்தில் செய்த குற்றத்தை மற்றொன்றில் மறைக்கவும் முடிந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு முடிவு கட்டியது. 1992 ஏப்ரல் 1 முதல் லாரி ஓட்டுநர்களுக்குத் தனி உரிமம் கட்டாயமானது. அதன் செய்முறைத் தேர்வு ஓட்டுவதோடு முடிவதில்லை. விண்ணப்பதாரர் வண்டியைச் சுற்றிவந்து, ஒவ்வொரு பாகத்தையும் காட்டி, அதில் என்ன குறை இருக்கக் கூடாது என்று வாயால் சொல்லவும் வேண்டும். பணியில் சேர்ந்த பின்னும், ஓட்டுநர் குறையை எழுதிக் கொடுத்தால், அது சரிசெய்யப்பட்டது அல்லது சரிசெய்யத் தேவையில்லை என்று நிறுவனம் எழுத்தில் உறுதி செய்தாக வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு அந்தத் தாளில்தான் இருக்கிறது. ‘பிரேக் சரியில்லை’ என்று வாயால் சொன்னால், ‘இந்த ஒரு நடை போய்விட்டு வா, பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வரலாம். எழுதிக் கொடுத்தால், அதற்குக் கீழே மற்றொருவர் கையெழுத்திட வேண்டும்.

முடிவுரை

1914 முதல் இன்றுவரை சட்டம் லாரியைப் பதிவு செய்தது, எடை போட்டது, சான்று தந்தது, அபராதம் விதித்தது. குறையைப் பார்த்திருக்க வேண்டிய பொறுப்பையும் ஓட்டுநர்மேல் வைத்தது. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற அவருக்கு மூன்று தேவை: எதைப் பார்ப்பது என்ற அறிவு, பார்ப்பதற்கு நேரம், குறை இருந்தால் வண்டியை எடுக்க மறுக்கும் உரிமை. அறிவுக்குப் பாடத்திட்டம் இருக்கிறது. நேரத்திற்கு வேலை நேர வரம்பு இருக்கிறது. இவை இரண்டும் தாளிலிருந்து சாலைக்கு வரவேண்டும். மூன்றாவது இன்னும் தாளிலேயே தெளிவாக எழுதப்படவில்லை. அதை எழுதுவதே அடுத்த படி.